எஸ்.பி.எம்.முக்குப் பிறகு கணினியா, கைத்தொழிலா? பிரிஞ்சாங் மாணவர்கள் மலை இறங்கும் முன் அறிய வேண்டியவை

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்த சில நாள்களில் கேமரன் மலைத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பிள்ளையை எதில் சேர்ப்பது? "கம்ப்யூட்டர் படிக்கட்டும்" என்பார் அம்மா. "கையில் ஒரு தொழில் இருந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம்" என்பார் அப்பா. இதற்குள் ஏதாவது ஒரு கல்லூரியின் முகவர் கைப்பேசியில் அழைத்து, இடம் இருக்கிறது, கடன் கிடைக்கும், இந்த வாரமே பதிந்துகொள்ளலாம் என்று சொல்லியிருப்பார்.

அம்மா சொல்வதும் சரி, அப்பா சொல்வதும் சரி. இரண்டு துறைகளிலும் வேலை உண்டு. ஆனால் கணினியா, கைத்தொழிலா என்பது இரண்டாவது கேள்விதான். படித்து முடித்ததும் கையில் கிடைக்கும் சான்றிதழுக்கு நாட்டில் என்ன மதிப்பு, அதை வைத்து அடுத்த படி ஏற முடியுமா என்பதே முதல் கேள்வி. இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்ட குடும்பத்தில் கடன் மட்டும் மிஞ்சும். வேலைக்கும் உதவாது, மேற்படிப்புக்கும் உதவாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஏன் இது பெரிய முடிவு?

கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிரிஞ்சாங்கை ஒட்டியுள்ள சுங்கை பாலாஸ் தோட்டமும் அந்நிறுவனத்தைச் சேர்ந்ததே. கொழுந்து பறிக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்கு அடுத்த தலைமுறையும் இன்று ஐந்தாம் படிவம் முடிக்கிறார்கள். இதற்கிடையில் தோட்ட வேலையும் மாறிவிட்டது. விரலால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரிக்கோல் வெட்டியது. பின்னர் இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வந்தார்கள்.

லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. பெற்றோர் ஓய்வு பெறும் காலத்தில், அடுத்த வீடு எது என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். பல குடும்பங்களில் அதற்குப் பதில் சொல்லப்போவது இப்போது எஸ்.பி.எம். முடித்திருக்கும் பிள்ளையின் சம்பளம்தான். எனவே, கிடைத்த இடத்தில் இரண்டு ஆண்டு படிக்கட்டும் என்று விட்டுவிட முடியாது.

தூரமும் ஒரு சிக்கல். பாலிடெக்னிக் போன்ற பெரிய தொழில்நுட்பக் கழகங்களுக்குச் செல்ல மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். தினமும் போய்வர முடியாது; விடுதி வேண்டும். கேமரன் மலை பஹாங் மாநிலத்தில் இருந்தாலும், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் எட்டும் பெரிய நகரம் பேராக்கில் உள்ள ஈப்போ. மாநிலத் தலைநகர் குவாந்தானோ கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. விண்ணப்பத்தில் இடங்களை வரிசைப்படுத்தும்போது "நம் மாநிலம்" என்று மட்டும் பார்த்தால், விடுமுறைக்கு வீடு திரும்புவதே பெரிய பயணமாகிவிடும்.

முதலில் தேர்வு முடிவைச் சரியாகப் படிக்க வேண்டும்

எஸ்.பி.எம். முடிவில் ஏ பிளஸ் முதல் சி வரை பெற்றால் அது கிரெடிட். டி, இ என்றால் தேர்ச்சி மட்டும். ஜி என்றால் தோல்வி. எத்தனை ஏ என்பதைவிட, எந்தப் பாடங்களில் கிரெடிட் என்பதே தொழில்நுட்பப் படிப்புக்கு முக்கியம்.

எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்கவே தேசிய மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். வரலாறு 2013 முதல் கட்டாயத் தேர்ச்சிப் பாடமாக உள்ளது. இவ்விரண்டில் ஒன்று தவறியிருந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் அந்தப் பாடத்தை மறுதேர்வில் எழுதி முடிப்பதே நல்லது. அதற்காகச் செலவாகும் சில மாதங்கள் வீண் போகாது. மற்றப் பாடங்களில் பெற்ற நல்ல முடிவுகளுக்கு அப்போதுதான் பயன் கிடைக்கும்.

அங்கீகாரம் பெற்ற டிப்ளோமாவில் சேரப் பொதுவாக மூன்று கிரெடிட் தேவை. கணினி டிப்ளோமாவுக்கு அந்த மூன்றில் கணிதம் ஒன்றாக இருக்க வேண்டும். பொறியியல் டிப்ளோமாவுக்குக் கணிதத்தோடு அறிவியல் அல்லது தொழில்நுட்பம் சார்ந்த பாடமும் கேட்பார்கள். கணிதத்தில் டி எடுத்த மாணவரிடம், "பரவாயில்லை, கணினி டிப்ளோமாவில் சேரலாம்" என்று ஒரு முகவர் சொன்னால், அவர் விற்பது உண்மையில் என்ன என்பதை விசாரிக்க வேண்டும்.

மூன்று கிரெடிட் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. அது வேறு வாசலில் தொடங்கும்.

நான்கு வாசல்கள்

முதலாவது, பாலிடெக்னிக். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969ஆம் ஆண்டு ஈப்போவில் தொடங்கப்பட்டது. கேமரன் மலை மாணவர்களுக்கு அருகில் இருப்பதும் அதுதான். பஹாங்கில் குவாந்தானில் சுல்தான் ஹாஜி அகமட் ஷா பாலிடெக்னிக்கும், முவாட்சாம் ஷா பாலிடெக்னிக்கும் உள்ளன. டிப்ளோமா பெரும்பாலும் ஆறு செமஸ்டர், அதாவது மூன்று ஆண்டு. அதில் ஒரு செமஸ்டர் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலையிடப் பயிற்சி. அரசாங்கக் கழகம் என்பதால் செமஸ்டர் கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதிதான்.

இரண்டாவது, சமூகக் கல்லூரி எனப்படும் கோலேஜ் கொமுனிட்டி. இவை 2001 முதல் இயங்கிவருகின்றன. கிரெடிட் குறைவாக உள்ளவர்கள் சான்றிதழ் நிலையில் சேரலாம். நல்ல புள்ளியோடு முடித்தால் பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். நேராகப் போக முடியாத இடத்துக்குச் சற்றுச் சுற்றிப் போகும் வழி இது.

மூன்றாவது, திறன் பயிற்சிக் கழகங்கள். மனிதவள அமைச்சின் கீழ் உள்ள அட்டெக் கழகங்களும், இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சின் கீழ் உள்ள ஐ.கே.பி.என். கழகங்களும் இதில் அடங்கும். ஈப்போவிலும் குவாந்தானிலும் மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் உண்டு. இங்கே கிடைப்பது எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ்.

நான்காவது, தனியார் கல்லூரிகளும் தனியார் பயிற்சி மையங்களும். இந்தியச் சமூகத்துக்காக எம்.ஐ.இ.டி. அமைப்பு சிரம்பானில் நடத்தும் டேஃப் கல்லூரி, ஷா ஆலத்தில் வசதி குறைந்த இளைஞர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் மான்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் போன்றவை பலரும் அறிந்தவை. தனியார் துறையில் நல்லவையும் உண்டு, வெறும் விளம்பரத்தில் ஓடுபவையும் உண்டு. பிரித்தறியும் வழி பின்னால் வருகிறது.

ஆறாம் படிவமும் மெட்ரிகுலேஷனும் வேறு பாதைகள். கணினி அறிவியலிலோ பொறியியலிலோ நேராகப் பட்டப்படிப்புக்குப் போக விரும்புபவர்கள், நல்ல முடிவு இருந்தால், அவற்றை முதலில் பார்ப்பது பொருத்தம். கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு அங்கே பிடி சற்று உறுதியாக இருக்கும்.

"கம்ப்யூட்டர்" என்பது ஒரு படிப்பு அல்ல

கணினி படிப்பு என்ற ஒரே பெயரில் நான்கைந்து வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன. தட்டச்சு, எக்செல், விளக்கப்படம் போன்றவற்றைக் கற்றுத்தரும் சில மாதப் பயிற்சி ஒரு வகை. கிராணி வேலைக்கோ கடைக் கணக்குக்கோ அது துணை நிற்கும். ஆனால் அதை மட்டும் வைத்துக் கணினித் துறையில் வேலை தேட முடியாது. இதற்குப் பல்லாயிரம் வெள்ளி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கணினியைப் பழுதுபார்ப்பது, வலையமைப்பு பொருத்துவது, சர்வரைக் கவனிப்பது ஆகியவை இன்னொரு வகை. இது பாதி கணினி, பாதி கைத்தொழில். எஸ்.கே.எம். மூலமாகவே படிக்கலாம். ஹோட்டல், பள்ளி, மருத்துவமனை என்று எங்கும் ஆள் தேவைப்படும். சிஸ்கோ, காம்ப்டியா போன்ற நிறுவனத் தேர்வுகளைப் பின்னால் எழுதினால் சம்பளம் உயர வாய்ப்புண்டு. அவை அடிப்படைச் சான்றிதழுக்கு மேல் சேர்த்துக்கொள்ள வேண்டியவை. அதற்கு மாற்று அல்ல.

நிரல் எழுதுவது மூன்றாவது வகை. தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா, கணினி அறிவியல் டிப்ளோமா ஆகியவற்றின் மையம் இதுதான். கணிதமும் ஆங்கிலமும் பொறுமையும் வேண்டும். விளையாட்டுச் செயலிகளில் ஆர்வம் இருப்பதால் மட்டும் நிரல் எழுதப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சேரும் முன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பைத்தான் பாடத்தை இரண்டு வாரம் முயன்று பார்ப்பது நல்ல சோதனை. பிழை வந்தபோது எரிச்சல்பட்டு மூடிவைத்தாரா, இரவு வரை உட்கார்ந்து தேடினாரா என்பதைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

படவடிவமைப்பு, அனிமேஷன், காணொளி எல்லாம் நான்காவது வகை. இங்கே சான்றிதழைவிடச் செய்து காட்டிய வேலைதான் பேசும். இதைப் படிப்பவருக்கு ஓரளவு நல்ல கணினி வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கைத்தொழில் என்றால் குறைவா?

"மார்க் இல்லாத பிள்ளைதான் வயரிங் படிக்கும்" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. மலையைச் சுற்றிப் பார்த்தாலே அது பொய் என்று தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும், உருட்டும், உலர்த்தும் இயந்திரங்கள் நின்றால் அன்றைய கொழுந்து வீண். ஹோட்டல்களுக்கு மின்தூக்கியும் சுடுநீரும் ஓட வேண்டும். காய்கறி ஏற்றும் லாரிக்குக் குளிர்ப்பெட்டி வேலை செய்ய வேண்டும். கூடாரத் தோட்டங்களில் நீரும் உரமும் சேர்த்துச் சொட்டவிடும் முறை வந்துவிட்டது. அதில் பம்ப், டைமர், உணர்கருவி எல்லாம் இருக்கின்றன. ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணை, மின்சாரம் தயாரிப்பதற்காகக் கட்டப்பட்டது. பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் மலைப் பாதையில் ஓடுவது மெக்கானிக்குகளின் கையால்தான்.

மின்துறையில் இன்னொரு பலம் உண்டு. வயர்மேன், சார்ஜ்மேன் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் சட்டப்படி தேவை. சான்றிதழ் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்பதால் அவருக்கு மதிப்பும் உண்டு. வீட்டு வயரிங்கில் தொடங்கி, அனுபவம் சேரச் சேர, பெரிய கட்டடத்தின் மின்கருவிகளைப் பொறுப்பேற்கும் சார்ஜ்மேன் நிலை வரை ஏறலாம்.

குளிரூட்டி, வெல்டிங், மோட்டார் வாகனம், மெக்கட்ரானிக்ஸ், தொழில்துறை மின்னணுவியல் ஆகியவையும் இவ்வகையே. இயந்திரமும் மின்சாரமும் கணினியும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ், அம்மாவின் ஆசைக்கும் அப்பாவின் ஆசைக்கும் நடுவில் நிற்கும் படிப்பு. இவற்றில் பெண் பிள்ளைகளும் சேரலாம். மின்னணுவியல் தொழிற்சாலைகளின் சோதனை, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் பெண்கள் நீண்ட காலமாகப் பணிபுரிகிறார்கள்.

சான்றிதழின் படிகள்

எஸ்.கே.எம். மூன்று நிலைகள் கொண்டது. அதற்கு மேல் நான்காம் நிலை மலேசியத் திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், ஜே.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டுத் துறை இவற்றை வழங்குகிறது.

முதல் நிலையோடு நின்றவர் உதவியாளர். மூன்றாம் நிலை முடித்தவர் பிறர் வேலையை மேற்பார்க்கக் கூடியவர். ஒரு மையம் எந்த நிலை வரை நடத்துகிறது என்று கேட்காமல் சேர்ந்தால், இரண்டாம் நிலை முடிந்ததும் வேறு ஊரில் வேறு மையம் தேட வேண்டிவரும்.

மேலே போகவும் வாசல் உண்டு. பாலிடெக்னிக் டிப்ளோமாவும் திறன் டிப்ளோமாவும் பெற்றவர்களை எடுத்துக்கொள்ளும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் நான்கு உள்ளன. அவற்றில் ஒன்று, பெக்கானிலும் கம்பாங்கிலும் வளாகங்கள் கொண்ட பஹாங்கின் அல்-சுல்தான் அப்துல்லா பல்கலைக்கழகம்.

உடனே சம்பளம் தேவைப்படும் குடும்பத்துக்கு எஸ்.எல்.டி.என். என்ற திட்டம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய இத்திட்டத்தில் பெரும்பகுதிப் பயிற்சி வேலையிடத்திலும் மீதி வகுப்பிலும் நடக்கும். முடிவில் அதே எஸ்.கே.எம். கிடைக்கும்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய அங்கீகாரம்

சான்றிதழ், டிப்ளோமா, பட்டம் என்றால் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்க வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது. படிப்பின் பெயர், நிலை, வளாகம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தலைநகர் வளாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரத்தைக் காட்டி, வேறு ஊர்க் கிளையில் ஆள் சேர்த்தால் எச்சரிக்கை தேவை.

பதிவுக் குறியீட்டில் பி.ஏ. என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், எஃப்.ஏ. என்றிருந்தால் முழு அங்கீகாரம். தற்காலிகமாக இருந்தால், முழு அங்கீகாரம் எப்போது எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுத்தில் கேட்கலாம்.

எஸ்.கே.எம். படிப்பு என்றால் ஜே.பி.கே. அங்கீகரித்த மையமா, எந்தத் தொழிலுக்கு, எந்த நிலை வரை என்று பார்க்க வேண்டும். "எக்ஸெகியூட்டிவ் டிப்ளோமா" என்ற பெயரில் வரும் பல குறுகிய படிப்புகள் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இல்லாதவை. பெயரில் டிப்ளோமா இருந்தாலும், பல்கலைக்கழகத்தில் சேரும்போது அது டிப்ளோமாவாகக் கணக்கில் வராது.

பணக் கணக்கு

தனியார் கல்லூரி சொல்லும் கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. விடுதி, சாப்பாடு, மடிக்கணினி, கருவிகள், தேர்வுக் கட்டணம், மலைக்கு வந்துபோகும் செலவு எல்லாம் சேர்த்து, படிப்பு முடியும் வரை மொத்தம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

பி.டி.பி.டி.என். கடன் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நிதியிலிருந்து வருவது. அங்கீகாரம் பெற்ற டிப்ளோமா, பட்டப்படிப்புகளுக்கு அது உண்டு. ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா கட்டணம். எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு தேவை என்பதால், அதை முன்கூட்டியே திறந்துவைப்பது நல்லது. எஸ்.கே.எம். படிப்புக்குத் தனி நிதி உண்டு. அதன் பெயர் பி.டி.பி.கே. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

"கடன் கிடைக்கும்" என்பது "இலவசம்" அல்ல. படிப்பைப் பாதியில் விட்டாலும் அதுவரை எடுத்த கடன் பிள்ளையின் பெயரில் நிற்கும். கடன் கட்டணம் முழுவதற்கும் போதுமா, மீதியை யார் கட்டுவது என்பது சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஊழியர் சேமநிதியில் உள்ள பெற்றோரின் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க அனுமதி உண்டு. ஆனால் அது முதுமைக்கான பணம். அரசாங்கக் கழகத்தில் இடம் கிடைத்தால் அதைத் தொட வேண்டிய தேவையே குறைவு. பஹாங்கில் பிறந்தவர்கள் யாயாசான் பஹாங் அறநிறுவனத்தின் கல்வி உதவியையும் கவனிக்கலாம். ஈப்போவில் படித்தாலும் பிறந்த மாநிலம் பஹாங்தான் என்பதை மறந்துவிடக்கூடாது.

விண்ணப்பத்தில் நடக்கும் தவறுகள்

பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி, பல்கலைக்கழக டிப்ளோமா ஆகியவற்றுக்கு யு.பி.யு. இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டெக், ஐ.கே.பி.என். போன்ற திறன் கழகங்களுக்கு யு.பி. திவெட் என்ற தளம். ஒன்றில் விண்ணப்பித்தால் மற்றதிலும் சேர்ந்துவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. இரண்டிலும் தனித்தனியே விண்ணப்பிப்பதே பாதுகாப்பு.

தோட்டத்தில் இணையம் மெதுவாக இருந்தால் கடைசி நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. பிறர் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்து விண்ணப்பித்தால், இடம் கிடைத்த செய்தி மாணவருக்கே வராமல் போகலாம். முதல் சுற்றில் இடம் கிடைக்காதவர்கள் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் முகவர்களின் அழைப்பு அதிகம் வரும். பயந்துபோய்ப் பதிவுக் கட்டணம் கட்டுவதும் அப்போதுதான். படித்த பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரை அணுகினால் மேல்முறையீட்டை எழுத உதவி கிடைக்கும்.

முகவரிடம் கேட்க வேண்டியவை ஐந்து: படிப்பின் முழுப் பெயர், அங்கீகார எண், மொத்தச் செலவு, பாதியில் விலகினால் பணம் திரும்புமா, சான்றிதழை வழங்குவது யார். ஐந்துக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் அடையாள அட்டை நகலைக் கொடுக்க வேண்டாம்.

படித்து முடித்து மலைக்கே திரும்பி வருவதும், ஈப்போவிலோ பினாங்கிலோ தங்குவதும் பிள்ளையின் விருப்பம். அப்பாவுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. தோட்டத்துப் பட்டறையில் பல ஆண்டு வேலை செய்தவர், வகுப்புக்குப் போகாமலே, தம் அனுபவத்தைக் கோப்பாகத் தொகுத்துக் காட்டி எஸ்.கே.எம். பெறும் வழியை ஜே.பி.கே. வைத்திருக்கிறது. பிள்ளைக்காக மையத்தை விசாரிக்கப் போகும் நாளில், தமக்கும் சேர்த்து விசாரித்துவிட்டு வரலாம்.